வேன் கூரையில் சுழலும் வளையம்: ஜெர்மானியர்கள் ரகசிய ரேடியோவை எப்படித் தேடினார்கள்?

இரண்டாம் உலகப்போர் படங்களில் வரும் ஒரு காட்சியைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். மாடி அறையில் ஒருவர் மோர்ஸ் தட்டிக்கொண்டிருக்கிறார். தெருவில் ஒரு வேன் ஊர்ந்து வருகிறது, கூரையில் ஒரு வளையம் மெல்லச் சுழல்கிறது. இருபது நிமிடத்துக்குள் பூட்ஸ் சத்தம் படியேறுகிறது. இது நிஜமா, அந்த வளையத்துக்குத் திசை எப்படித் தெரிகிறது, மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் முதுகில் நிற்கும் வளையமும் இதுவும் ஒன்றா என்பது உங்கள் கேள்வி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது: வளையத்தைச் சுற்றினால் திசை தெரிந்துவிடும் என்றால், ஒரு ரகசிய நிலையத்தைப் பிடிக்க ஜெர்மானியர்களுக்கு ஏன் மாதக்கணக்கில் ஆனது? திசை காண்பது சுலபமான பாதி. அலை நேர்வழியில் வந்து சேராது என்பது கஷ்டமான பாதி. இடுப்பில் கட்டிக்கொண்டது முதல் 120 மீட்டர் விட்டத்தில் நட்டு வைத்தது வரை, அந்தக் காலத்து ஜெர்மன் கருவிகளில் பெரும்பாலான மூளை செலவானது இந்த இரண்டாவது பாதிக்குத்தான்.

முதலில் வளையம். வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தால், மீடியம் வேவில் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு பெட்டியை மேஜை மேல் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முழுச் சுற்றில் இரண்டு இடங்களில் ஒலி சட்டென்று அடங்கும். உள்ளே ஃபெரைட் தண்டின் மேல் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்தான் அந்த வளையம். வளையம் தன் விளிம்பை நிலையத்துக்குக் காட்டி நிற்கும்போது, அலை ஒரு பக்கக் கம்பியைத் தொட்டு, மிகமிகச் சிறிய தாமதத்துக்குப் பிறகு மறுபக்கக் கம்பியைத் தொடும். இரண்டிலும் எழும் மின்னழுத்தங்களின் வித்தியாசம்தான் ரிசீவருக்குப் போகும் சிக்னல். வளையம் நிலையத்துக்கு முகத்தைக் காட்டி நின்றால் இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் தொடப்படும். வித்தியாசம் பூஜ்யம், ஒலி இல்லை. ஹாம்காரர்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்துபவர்கள், இந்த அடங்குமிடத்தை ஆங்கிலத்தில் ‘நல்’ (null, வெறுமை) என்பார்கள். தமிழில் எழுதினால் நல்ல வார்த்தையாகத்தான் தெரிகிறது, அது பொருத்தமும்கூட.

ஏனென்றால் திசை பார்ப்பது ஒலி உரக்கக் கேட்கும் இடத்தில் அல்ல, அடங்கும் இடத்தில். உச்சத்திலிருந்து வளையத்தை 10 டிகிரி திருப்பினாலும் சிக்னல் ஒன்றரை சதவீதம்தான் குறையும். எந்தக் காதுக்கும் அது தெரியாது. அடங்குமிடத்தின் பக்கத்திலோ, 1 டிகிரி விலகலிலிருந்து 5 டிகிரிக்குப் போனால் சிக்னல் ஐந்து மடங்காகிவிடும். அதனால் வழக்கம் இப்படி: ஒலி மறையும் கோணத்தைக் குறித்துக்கொள்வது, அதைத் தாண்டிப் போய் மறுபடி அதே அளவு கேட்கும் கோணத்தையும் குறிப்பது, இரண்டுக்கும் நடுவை எடுப்பது. தரையோடு வரும் சுத்தமான அலையில் பழகிய ஆள் இப்படி 1 டிகிரிக்குள் சொல்லிவிடலாம். கருவியின் கூர்மை என்று பார்த்தால் அதற்கு மேல் யாருக்கும் பெரிதாகத் தேவைப்படவில்லை.

ஆனால் அடங்குமிடம் ஒரு சுற்றில் இரண்டு. நிலையம் வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று வளையம் தனியாகச் சொல்லாது. அதற்கு ஒரு நேர்க்குத்தான துணைக் கம்பி வேண்டும். எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவு வாங்கும் அந்தக் கம்பியின் சிக்னலை, 90 டிகிரி கட்டம் தள்ளி (அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தைக் கால் சுற்று நகர்த்தி), வளையத்தின் சிக்னலுக்குச் சமமாக்கிக் கூட்டினால், ஒரு பக்கம் இரண்டும் சேர்ந்து வலுக்கும், எதிர்ப்பக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வாங்கும் என்று வரைந்தால் 8 என்ற எண் போல இருந்த படம் இதய வடிவமாக மாறும். இதய வடிவத்தின் பள்ளம் அகலமானது, துல்லியத்துக்கு உதவாது. ஆகவே கோணத்தை வளையத்தில் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் என்பதை மட்டும் ஒரு ஸ்விட்சை அழுத்தித் துணைக் கம்பியைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஜெர்மன் கருவி முகப்புகளில் இதற்கென்று தனி நிலை இருந்தது. அவர்கள் சொல் ‘ஸைட்டன்பெஷ்டிம்முங்’, பக்கம் தீர்மானித்தல்.

வளையம் எவ்வளவு கஞ்சன் என்பதையும் ஒரு கணக்காகப் பார்த்துவிடுவது நல்லது, பிறகு வருவதற்கு உதவும். 30 சென்டிமீட்டர் விட்டம், 10 சுற்று கொண்ட வளையம், 500 கிலோஹெர்ட்ஸில், அதாவது 600 மீட்டர் அலைநீளத்தில், வெறும் 7 மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பி எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் வாங்கும். மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட் என்ற ஓரளவு நல்ல சிக்னல் வந்தாலும் கையில் கிடைப்பது 1 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. இவ்வளவு அற்பமான சிக்னலைப் பிடிக்க முயலும்போது, வளையம் முழுவதும் சேர்ந்து ஒரு சாதாரணக் குத்துக்கம்பியைப் போல நடந்துகொண்டு வாங்கும் கள்ள சிக்னல் சுலபமாக அதை மிஞ்சிவிடும். அப்போது அடங்குமிடம் மங்கி, அகன்று, இடமும் மாறிவிடும். இதைத் தடுக்கத்தான் வளையத்தை உலோகக் குழாய்க்குள் வைத்து, குழாயில் ஓரிடத்தில் மட்டும் ஓர் இடைவெளி விடுவார்கள். இடைவெளி இல்லாமல் மூடினால் குழாயே குறுக்குச்சுற்று வளையமாகி உள்ளே ஒன்றும் வராது. குழாயையும் மீறி மிஞ்சுகிற மங்கலைத் துணைக் கம்பியிலிருந்து கொஞ்சம் சிக்னல் எடுத்து எதிராக ஊட்டித் துடைப்பார்கள். அதற்கென்று முகப்பில் தனிக் குமிழ் உண்டு. பயிற்சியில்லாத ஆள் அந்தக் குமிழைத் தொடாமல் கோணம் வாசித்தால் ஐந்தாறு டிகிரி தவறிப்போவது சாதாரணம்.

இப்போது உங்கள் மெஸ்ஸர்ஷ்மிட். ஆம், அதுவும் வளையம்தான், கொள்கையும் ஒன்றுதான், வேலை வேறு. ஒற்றை ஆள் ஓட்டும் போர்விமானத்தில் வளையத்தைச் சுற்றிக் கோணம் வாசிக்க யாருக்கும் கையில்லை. அதனால் ஃபூகே 16 இஸட் என்ற விமான ரேடியோவோடு வந்த அந்த வளையம் சுழலாது. பறக்கும் திசைக்குக் குறுக்காக நிலையாக நிற்கும். நிலையம் நேர் முன்னே இருந்தால் வளையத்தில் சிக்னல் இல்லை. இடமோ வலமோ விலகினால் சிக்னல் வரும், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் எதிரெதிர் கட்டத்தில். வளையத்தின் இணைப்பை இப்படியும் அப்படியுமாக வேகமாக மாற்றிக்கொண்டே துணை ஆண்டெனாவோடு கூட்டி, அதே தாளத்தில் மீட்டரின் இணைப்பையும் மாற்றினால், முள் இடம் வலம் காட்டும். ஓட்டுபவர் முள்ளை நடுவில் வைத்துக்கொண்டு பறந்தால் போதும், வீடு வந்துவிடும். அலைவரிசை 38.5 முதல் 42.3 மெகாஹெர்ட்ஸ். ஏஎஃப்என் 2 என்ற சிறிய வட்டக் காட்டியில் இது தெரியும்; கண்மூடித் தரையிறங்கும் கருவிக்கும் அதே காட்டிதான்.

இதில் பக்கக் காற்று அடித்தால் ஒரு வேடிக்கை. முள் நடுவில்தான் இருக்கும், மூக்கு எப்போதும் நிலையத்தைத்தான் பார்க்கும், ஆனால் விமானம் நேர்கோட்டில் போகாது. காற்று தள்ளத் தள்ள மூக்கைத் திருப்பிக்கொண்டே, வளைந்து, கடைசியில் காற்றை எதிர்த்துத்தான் நிலையத்துக்கு மேலே வந்து சேரும். எஜமானை நோக்கி ஆற்றில் நீந்தும் நாய், கரையிலிருக்கும் ஆளையே பார்த்துக்கொண்டு நீந்துவதால், நீரோட்டத்தில் வளைந்து போகுமே, அதே வளைவு. ஜெர்மானிய விமானிகள் அதற்கு ‘ஹுண்டகுர்வ’ என்றே பெயர் வைத்திருந்தார்கள், நாய் வளைவு.

யுங்கர்ஸ் 88 போன்ற பெரிய விமானங்களில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் பைல் கே 6 என்ற திசைகாணும் கருவி வந்தது. அதன் ரிசீவர் ஈட்ஸெட் 6, 150 முதல் 1200 கிலோஹெர்ட்ஸ் வரை மூன்று பட்டைகள், ஜெர்மன் ராணுவக் கருவிகளில் எங்கும் காணும் ஆர்வி12பி2000 வால்வுகள். வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காற்று இழுக்கும், பனி படியும். ஆகவே இரும்புத்தூள் உள்ளகத்தின் மேல் சுற்றிய தட்டையான சுருளை உடலுக்குள்ளேயே பதித்து, மேலே வழுவழுப்பான பிளாஸ்டிக் மூடி போட்டுவிட்டார்கள். உங்கள் டிரான்சிஸ்டரின் ஃபெரைட் தண்டுக்கு நேர் முன்னோடி இது. மூடியில் பதித்த உலோகப் பட்டைகள்தான் துணை ஆண்டெனா. ரேடியோக்காரர் முதலில் துணை ஆண்டெனாவில் நிலையத்தைத் தேடி அழைப்புக்குறியைக் கேட்டு உறுதி செய்வார், வளையத்துக்கு மாற்றி அடங்குமிடத்தைப் பிடிப்பார், மங்கலைத் துடைப்பார், பக்கம் பார்ப்பார். கோணம் விமானத்தின் மூக்கிலிருந்து கணக்கு என்பதால் திசைமானியின் அளவைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலைச் செய்ய, திசைமானியின் நகலையும் வளையத்தின் முள்ளையும் ஒரே முகத்தில் காட்டும் ஒரு துணைக் காட்டி இருந்தது. பதற்றத்தில் மனக்கணக்குப் போட்டுத் தவறாமல் இருக்க எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

விமானத்தின் உலோக உடலே அலையைத் தன் பக்கம் வளைக்கும். மூக்கு, வால், இரண்டு இறக்கைகள் என நான்கு நேர்த்திசைகளிலும் பிழை அநேகமாகப் பூஜ்யம். இடைப்பட்ட 45, 135, 225, 315 டிகிரிகளில் உச்சம், பத்து டிகிரியைத் தாண்டியும் போகலாம். இதை ஒழிக்க முடியாது, அளந்து திருத்தத்தான் முடியும். தெரிந்த நிலையம் ஒன்றைக் கேட்டபடி விமானத்தைத் தரையில் சிறுகச் சிறுகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் பிழையை எழுதி, அதன்படி வளையத்தின் திருத்தியைச் சரிசெய்வார்கள். விமானத்தில் ஓர் ஆண்டெனாவை இடம் மாற்றிவிட்டு இதைச் செய்ய மறந்தால் திருத்தமே பிழையாகிவிடும்.

திருத்தவே முடியாத ஒன்றை பிரிட்டிஷார் செய்தார்கள். ஜெர்மானியர்கள் பிரான்ஸில் வைத்த வழிகாட்டி நிலையங்களின் சிக்னலை இங்கிலாந்தில் வாங்கி, அதே அலைவரிசையில் அப்படியே மறுஒலிபரப்புச் செய்தார்கள். வளையத்துக்கு இரண்டு இடத்திலிருந்தும் ஒரே சிக்னல். அடங்குமிடம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நகரும், இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வந்துவிட்ட விமானத்துக்குப் பொய் நிலையமே உரக்கக் கேட்கும். 1941 ஜூலையில் ஒரு யுங்கர்ஸ் 88, பிரான்ஸ் என்று நினைத்து இங்கிலாந்தின் லல்ஸ்கேட் பாட்டத்தில் தரையிறங்கியது. இந்தப் பொய் நிலையங்களின் கைவரிசை என்றுதான் அதைச் சொல்வார்கள். பிபிசியும் போர் தொடங்கிய உடனே தன் நிலையங்களை 668, 767 என்ற இரண்டே கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஒத்திசைத்து ஓட்டியது. பல கோபுரங்கள் ஒரே குரலில் பேசினால் வளையம் எதையென்று காட்டும்?

இதுவரை சொன்னது தரையை ஒட்டி வரும் அலை. பொழுது சாய்ந்தால் வானத்தில் உயரே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையும், அதாவது வானலையும், வந்து சேரும். அது சாய்வாக இறங்குகிறது, அதன் மின்புலம் நேர்க்குத்தாக இல்லாமல் புரண்டு கிடக்கிறது. வளையத்தின் மேல், கீழ்ப் பக்கக் கிடைக்கம்பிகள் அதை வாங்கிவிடும். விளைவு, அடங்குமிடம் நகரும், மங்கும், நிமிடத்துக்கு நிமிடம் அலையும். சூரியன் மறையும் நேரமும் உதிக்கும் நேரமும் மிக மோசம். மீடியம் வேவிலேயே, பகலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நம்பிய வளையத்தை இரவில் நூறு கிலோமீட்டருக்குக்கூட முழுதாக நம்ப முடியாது. ஷார்ட் வேவில் தொலைவிலிருந்து வருவது முழுக்க முழுக்க வானலைதான் என்பதால், வளையம் அங்கே தொடக்கத்திலேயே தோற்றுவிடும்.

இதற்கு மருந்தை 1919இலேயே ஃபிராங்க் ஆட்காக் என்ற பிரிட்டிஷ்காரர் காப்புரிமையாக எழுதிவைத்துவிட்டார்: கிடைக்கம்பிகளே வேண்டாம், இரண்டு நேர்க்குத்துக் கம்பிகளை மட்டும் நட்டு அவற்றின் வித்தியாசத்தை எடு. ஜெர்மானியர்களின் தொலைதூர நிலையங்கள் இதன்படி அமைந்தவை. நான்கு கம்பங்கள், வடக்கு-தெற்கு ஒரு ஜோடி, கிழக்கு-மேற்கு ஒரு ஜோடி. இவ்வளவு பெரிய அமைப்பைச் சுற்ற முடியாது. பெல்லினி, டோசி என்ற இத்தாலியர்கள் 1907 வாக்கில் கண்டுபிடித்த கோனியோமீட்டர் அதற்கு வழி செய்தது: ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு நிலையான சுருள்களில் அந்த இரண்டு ஜோடிகளின் சிக்னலை விட்டால், வெளியே வானில் இருக்கும் புலத்தின் ஒரு குட்டிப் பிரதி சுருள்களுக்கு நடுவே உண்டாகும். அதற்குள் ஒரு சிறு சுருளைக் கையால் சுற்றினால், வெளியே கம்பங்களைச் சுற்றியது போல. கம்பங்களுக்கு இடைவெளி அதிகமானால் சிக்னல் கூடும், ஆனால் அரை அலைநீளத்தை நெருங்கும்போது எட்டுத் திசைகளில் ஏறி இறங்கும் வேறொரு பிழை தலைகாட்டும். கம்பங்களிலிருந்து வரும் இணைப்புக் கம்பிகளைச் சரியாக மூடாவிட்டால் அவையே கிடைக்கம்பிகளாகி, விரட்டிய பேய் பின்வாசல் வழியாகத் திரும்பிவிடும்.

இந்த வழியின் உச்சம் கடற்படைக்காக உருவான வுல்லென்வேவர். 16ஆம் நூற்றாண்டில் ல்யூபெக் நகர மேயராக இருந்தவரின் பெயரை மறைபெயராக வைத்தார்கள். டென்மார்க்கில் யோரிங் அருகே ஸ்கிப்ஸ்பியில், 120 மீட்டர் விட்ட வட்டத்தில் 40 நேர்க்குத்து ஆண்டெனாக்கள், அவற்றுக்குப் பின்னால் 112.5 மீட்டர் விட்டத்தில் பிரதிபலிப்பான்கள், வேலை செய்தது 6 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை. வட்டத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, முன்னே இருப்பவற்றின் சிக்னலைத் தாமதப்படுத்திப் பின்னே இருப்பவற்றோடு ஒன்றாக நிறுத்திக் கூட்டினால், வளைந்த வரிசை நேர் வரிசைபோல் ஆகிவிடும். சுழலும் கோனியோமீட்டர் அந்தப் பகுதியை வட்டம் முழுக்க ஓட்டும். அமைப்பு அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது என்பதால், ஒரு புள்ளியில் நின்று பார்க்கும் கருவியை ஏமாற்றும், பல வழிகளில் வந்து சேரும் அலைகள் இங்கே சராசரியாகிச் சமன்பட்டுவிடும். போருக்குப் பின் ஸ்கிப்ஸ்பியை ஆராய்ந்துவிட்டு பிரிட்டிஷார் இடித்தார்கள். அமெரிக்காவும் சோவியத்தும் இதே வட்டத்தைத் தத்தம் நாட்டில் பெரிதாக்கிக் கட்டின. இவ்வளவு தெரிந்த கடற்படைதான், எதிரிக்குத் திசை பார்க்கக் கையால் சுருளைச் சுற்றும் நேரம் வேண்டும் என்று நம்பி, நீர்மூழ்கிகளைச் சுருக்கக் குறியீட்டில் சில நொடிகளே பேசச் சொல்லி அனுப்பியது. எதிரில் ஆங்கிலேயர்கள் சிக்னல் வந்த கணத்திலேயே கேதோடுகதிர்த் திரையில் கோடாகத் திசையைக் கண்டார்கள்.

இனி உங்கள் வேன். ரகசிய நிலையத்தைத் தேடும் வேலை ‘ஃபுங்க்அப்வேர்’ எனப்பட்டது. ராணுவத் தலைமையகத்தின் கீழ் ஒன்று, காவல்துறையின் கீழ் ஒன்று என இரண்டு அமைப்புகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. முதல் கட்டம் வேனில் அல்ல, தொலைதூர நிலையங்களில் தொடங்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மூன்று நான்கு நிலையங்கள் ஒரே நேரத்தில் கோணம் எடுத்து வரைபடத்தில் கோடு போடுவார்கள். கோடுகள் ஒரு புள்ளியில் கூடாது, ஒரு முக்கோணம்தான் கிடைக்கும். 500 கிலோமீட்டரில் 2 டிகிரி பிழை என்றால் 17 கிலோமீட்டர் விலகல். வானலையில் 2 டிகிரி என்பது நல்ல நாள். ஆகவே இந்தக் கட்டத்தில் அதிகபட்சம் ‘இந்த நகரமும் சுற்றுப்புறமும்’ என்று சொல்ல முடியும்.

அந்த நகரத்துக்கு வேனை அனுப்பினால் உடனே கேட்குமா? இங்கேதான் படங்கள் ஒன்றை விழுங்கிவிடுகின்றன. ரகசிய நிலையம் 3 முதல் 16 மெகாஹெர்ட்ஸுக்குள், 20 வாட் அளவில் பேசுகிறது. அதன் தரையலை கட்டடங்களுக்கு நடுவே சில கிலோமீட்டரிலேயே செத்துவிடும். வானலையோ மேலே போய், பல நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்கும். லண்டனுக்குத் தெளிவாகக் கேட்பது 40 கிலோமீட்டரில் நிற்கும் வேனுக்குக் கேட்காமல் போகலாம். தாழ்ந்த அலைவரிசைகளில் வானலை செங்குத்தாகப் போய்ப் பக்கத்திலேயே விழும். அப்போது கேட்கும், ஆனால் தலைக்கு மேலிருந்து வருகிற அலைக்கு வளையம் என்ன திசை காட்ட முடியும்? அதனால் வேன்கள் தரையலை எட்டும் வட்டத்துக்குள் போய்க் காத்துக் கிடக்க வேண்டும். இரண்டு மூன்று வேன்கள், ஊரின் வெவ்வேறு மூலைகளில். வெளியே பார்க்கச் சாதாரண டெலிவரி வண்டி. உலோகக் கூரை அலையை மறைத்துவிடும் என்பதால் வளையத்துக்கு மேலே மரமோ துணியோதான் இருக்க முடியும். கண்ணில் படும்படி வளையம் வெளியே சுழல்வது படமெடுப்பவர்களின் வசதி. அடுத்த ஒலிபரப்பு எப்போது, எந்த அலைவரிசையில் என்று கேட்பு நிலையம் முன்கூட்டியே கணித்துச் சொல்லும். சிக்னல் வந்ததும் வேன் நின்று, கோணம் எடுத்து, இன்னொரு வேனின் கோணத்தோடு சேர்த்து முக்கோணத்தைச் சுருக்கும். 1 கிலோமீட்டரில் 3 டிகிரி பிழை என்றால் 50 மீட்டர்தான், கேட்க நன்றாக இருக்கிறது.

தெருவில் 3 டிகிரி கிடைக்காது என்பதுதான் சிக்கல். டிராம் கம்பி, மழைநீர்க் குழாய், இரும்புப் பால்கனி, தொலைபேசிக் கம்பி எல்லாம் அலையை வாங்கித் திருப்பி வீசும். 40 மீட்டர் அலைநீளத்தில் 10 மீட்டர் நிற்கும் குழாய் கச்சிதமான ஒரு கால் அலை ஆண்டெனா. தெருமுனையில் வடக்கைக் காட்டிய முள், இருபது அடி நகர்ந்ததும் கிழக்கைக் காட்டும். அனுபவமுள்ள குழு ஒற்றைக் கோணத்தை நம்பாது. பல இடங்களில் எடுத்து, சந்திகளிலும் திறந்த வெளிகளிலும் எடுத்ததற்குத்தான் மதிப்புக் கொடுக்கும். கடைசி நூறு மீட்டரில் கோணத்தைவிட சிக்னலின் பலம்தான் உண்மை பேசும். அதற்கான கருவிதான் ‘குர்ட்டல்பைலர்’, இடுப்புத் தேடி. தட்டையான ரிசீவர் வயிற்றில், வளையம் உடம்பைச் சுற்றி, எல்லாவற்றுக்கும் மேலே ஓவர்கோட். மீட்டர் கைக்கடிகாரம் போல மணிக்கட்டில். நேரம் பார்ப்பது போலக் கையைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் நடைபாதையில் போவார், திரும்புவார், ஒரு வாசலில் முள் மிக மேலே ஏறுவதைக் கவனிப்பார். அடுக்குமாடியில் இதுவும் போதாது. தொகுதி தொகுதியாக மின்சாரத்தைச் சில நொடி நிறுத்திப் பார்ப்பார்கள். எந்தத் தொகுதியை அணைத்ததும் மோர்ஸ் நின்றதோ அங்கே ஆள் இருக்கிறார். பேட்டரிக்குத் தாவினாலும் நடுவில் விழுந்த சின்ன இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். தொடக்கத்திலிருந்தே பேட்டரியில் ஓட்டினால்தான் தப்பிக்கலாம்.

ஆக, இருபது நிமிடமா? வேன்கள் ஏற்கெனவே அந்தப் பேட்டைக்கு வந்து காத்திருந்து, ஆள் அதே வீட்டிலிருந்து, அதே நேரத்தில், அதே அலைவரிசையில் நீளமாகப் பேசினால், கடைசி நாளின் கடைசி இருபது நிமிடம் என்ற பொருளில் உண்மை. மொத்த வேட்டைக்கும் அது பொருந்தாது. ‘ரோட்டே கபெல்ல’ என்று ஜெர்மானியர்கள் பெயரிட்ட சோவியத் உளவு வலையின் சிக்னல் 1941 ஜூன் 26 அன்று கேட்பு நிலையத்தில் முதலில் பிடிபட்டது. பிரஸ்ஸல்ஸில் ரூ தேஸ் அத்ரெபாத் தெருவின் வீட்டுக்குள் புகுந்தது டிசம்பர் 12-13 இரவில். அங்கே இரவு இரவாக மணிக்கணக்கில் ஒரே வீட்டிலிருந்து பேசியிருந்தார்கள், அப்படியும் ஐந்தரை மாதம். நெதர்லாந்தில், பிரிட்டன் அனுப்பிய ரகசிய ரேடியோக்காரர் ஹ்யூபர்ட் லாவர்ஸ் 1941 நவம்பரில் பாராசூட்டில் இறங்கி, 1942 மார்ச் 6 அன்று ஹேக் நகரில் ஃபாரன்ஹைட் தெருவில் பிடிபட்டார். திசைகாணல் அவரை நெருங்கியிருந்தது, கூடவே ஓர் உளவாளியின் தகவலும் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்து ‘இது கருவியின் வெற்றி’ என்று சொல்வது பல வழக்குகளில் நியாயமாக இருக்காது. கருவிக்குப் பெருமை சேர்ப்பது காட்டிக்கொடுத்தவரை மறைக்கவும் உதவியது. திப்பு சுல்தானின் வழித்தோன்றலும் பிரிட்டன் அனுப்பிய ரகசிய ரேடியோக்காரருமான நூர் இனாயத் கான், 1943 ஜூன் முதல் அக்டோபர் வரை பாரிஸில் வீடு மாற்றி வீடு மாற்றிப் பேசியே வேன்களுக்கு டிமிக்கி கொடுத்தார். அவரைப் பிடித்தது வளையம் அல்ல, காட்டிக்கொடுத்த ஒரு வாய்.

அந்தத் தெருப் பிழையை நீங்களே பார்க்கலாம். அதே டிரான்சிஸ்டரை முதலில் மொட்டை மாடியின் நடுவில் வைத்து அடங்குமிடத்தைச் சாக்குக்கட்டியால் தரையில் கோடாகப் போடுங்கள். பிறகு ஜன்னல் கிராதிக்கு ஒரு சாண் தள்ளி வைத்து மறுபடி ஒரு கோடு. அப்புறம் மின்மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இன்னொன்று. மாடியில் போட்ட கோடு கூர்மையாக இருக்கும், பெட்டியை விரலால் தட்டினாலே ஒலி திரும்பிவரும். கிராதியருகே அது ஒரு விரல் நகர்ந்தாலும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு மங்கி, வேறு பக்கம் சாய்ந்திருக்கும். மீட்டர் பலகையருகே பல வீடுகளில் அடங்குமிடமே கிடைக்காது, எப்படித் திருப்பினாலும் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.